இரண்டாவது காது

காது பழுதுபார்க்கும் பர்வீன் வில்லையைக் கழற்றிய உடனே உலகம் வாயை மூடிக்கொண்டது. ஏசியின் உறுமல், வெளியே அவினாசி சாலையில் ஓடும் வண்டிகள், கூடத்தில் காத்திருப்பவர்களின் பேச்சு எல்லாம் ஒரே வெட்டில் போயின. சிவரஞ்சனி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காது இல்லாத நேரத்தில் முதுகு வளையக்கூடாது என்பது அவளுடைய கட்டுப்பாடு. செவிட்டுக் கிழவி என்று ஒருவர் பரிதாபப்பட்டுவிட்டால் அதற்குப் பிறகு மரியாதை என்று ஒன்று மிஞ்சாது.

பர்வீன் அந்தச் சிறு வில்லையைக் கருவியில் பொருத்தி, திரையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். பிறகு சிவரஞ்சனியின் வலது காதுக்குப் பின்னால் அதை மறுபடி ஒட்டினாள். சத்தங்கள் திரும்பி வந்தன. ஆனால் எல்லாம் வரவில்லை.

"இது முடிஞ்சுதுக்கா" என்றாள் பர்வீன்.

"என்ன முடிஞ்சுது?"

"உள்ள இருக்கற சுருள் தேஞ்சு போச்சு. மேல்சத்தம் உங்களுக்கு இப்பவே விழறதில்ல. குருவிச் சத்தம், குக்கர் விசில், இதெல்லாம் கடைசியா எப்பக் கேட்டீங்க?"

"நான் குக்கர் வெக்கறதில்ல. ஒருத்தி சாப்பாட்டுக்குக் குக்கர் எதுக்கு?"

"குருவி?"

சிவரஞ்சனி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குருவிகள் ஊரைவிட்டுப் போய்விட்டன என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ரெண்டு மூணு மாசம் ஓடும். அப்புறம் தலைக்கு மேல இடி இறங்குனாலும் உங்களுக்குத் தெரியாது."

"அப்ப வேற வில்லை போடு."

"போடறேன். இப்ப வர்ற வில்லை எதுலயும் மரகதம் ஏறாது. நொய்யல்தான். அத நான் உங்களுக்கா சொல்லணும்? மரகதத்தை எழுதுனதே நீங்கதானே."

எழுதியவள் அவள் மட்டும் அல்ல, தம்பி நவநீதனும்தான். அதைச் சொல்வதை அவள் நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது.

காதுக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனபோது அவளுக்கு இருபத்தைந்து வயது, அவனுக்கு இருபத்திரண்டு. இருவருக்கும் காது போயிற்று. மண்டை ஓட்டுக்குள் ஒரு விதையை வைத்து, வெளியே ஒரு வில்லையை ஒட்டினால் மீண்டும் கேட்கும் என்று வைத்தியம் வந்தது. ஆனால் வில்லைக்குள் ஓடும் மென்பொருள் கம்பெனிகளுடையது. வாடகை கட்டாத காதை அவர்கள் எங்கிருந்தோ மூடிவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தாலி கட்டும் நேரத்தில், மேளம் உச்சத்தில் இருக்கையில், அவளுடைய அப்பாவின் காதை அப்படி மூடினார்கள். அந்த மனிதர் கையில் அட்சதையோடு சுற்றிச் சுற்றிப் பார்த்ததை அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணினி படித்த பிள்ளைகள் இருவர் இருந்துகொண்டு இதைச் சும்மா விட்டால் குடும்பத்துக்கே கேவலம் என்று அம்மா சொன்னாள். அப்படிப் பிறந்ததுதான் யாருக்கும் விலை இல்லாத, எந்தக் கம்பெனியும் மூட முடியாத அந்த இயங்குதளம். மரகதம் என்ற அம்மாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

எந்தக் காதும் முதலில் வெறும் இரைச்சலைத்தான் கொடுக்கும். யாராவது எதிரே உட்கார்ந்து வாரக்கணக்கில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். காது மாட்டியவர் புத்தகத்தையும் உதட்டையும் பார்க்க, எதிரே இருப்பவர் படிக்க, காது மெல்லப் பழகும். இருவருக்கும் அம்மாதான் உட்கார்ந்து படித்தாள். அப்படிப் பழகியது அந்த வில்லையை விட்டு வெளியே போகாது, போகவும் முடியாது என்பது மரகதத்தின் விதி. அதை எழுதியவள் சிவரஞ்சனி. ஒருவர் காதில் விழுந்தது அவர் வீட்டு மானம்.

பதினைந்து வருடத்துக்கு முன் நவநீதன் அந்த விதியை மாற்ற வேண்டும் என்றான். ஒரு காது பழகியதை மற்றக் காதுகளுக்கும் கொடுத்தால் ஆறு வாரப் பாடு ஆறு நிமிடத்தில் முடியும் என்றான். "பேசுனத இல்லக்கா, கேக்கப் பழகுனத மட்டுந்தான் குடுக்கறோம். படிச்சுக் காட்ட ஆளில்லாதவன் என்னக்கா பண்ணுவான்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அவன் அதை அவளிடம் தனியாகக் கேட்காமல், நூறு பேர் இருந்த கூட்டத்தில் கேட்டான். அக்கா என்று பாராமல் ஓட்டெடுப்புக்கு விட்டான். தோற்ற சிவரஞ்சனி எழுந்து நின்று, "அம்மா பேர வெச்சுக்கிட்டு அதச் செய்யாத. இனி உன் ஊட்டுப் பச்சத்தண்ணிகூட எனக்கு வேண்டாம்" என்று கத்திவிட்டு வந்தாள். அவன் மரகதம் என்ற பெயரை அவளிடம் விட்டுவிட்டு, நொய்யல் என்று ஆற்றின் பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொண்டு போனான். ஊரும் அவன் பின்னால் போயிற்று.

"ஒரு தடவ மாட்டித்தான் பாருங்களேன்" என்று பர்வீன் புது வில்லை ஒன்றை எடுத்தாள்.

மறுப்பதற்குள் ஒட்டிவிட்டாள்.

சிவரஞ்சனி திடுக்கிட்டுப் போனாள். ஜன்னலுக்கு வெளியே குருவி கத்தியது. யாரோ பேனா மூடியைத் திறந்தார்கள். எல்லாம் கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது.

"எப்டி இருக்குது?" என்றாள் பர்வீன். அது பர்வீனின் குரலாக இல்லை. நல்ல குரல், தெளிவான குரல். கூடத்தில் பேசிய எல்லாப் பெண்களுக்கும் அதே குரல்தான் இருந்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் சிவரஞ்சனி. அவள் வாயிலிருந்தும் அதே குரல் வந்தது. உடனே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாள். தன்னுடையதை மாட்டிக்கொண்டு, "வேற யாரோ எனக்குப் பதிலாக் கேட்டுச் சொல்ற மாதிரி இருக்குது" என்றாள்.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். நானும் அழுதேன். ஒரு மாசத்துல மறந்து போச்சு. ஏனுங்க்கா, ரெண்டும் இலவசம், ரெண்டும் நம்மூரு, ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்க பண்ணுனது. உங்க தம்பியும் தவறி மூணு வருசம் ஆச்சு. இனி யார்கிட்ட வீம்பு?"

"வீம்பு இல்ல. இன்னொருத்தர் இருக்காங்க."

"எங்க?"

"மரகதத்துல. என் காது ஒண்ணு, அவங்க காது ஒண்ணு. வாராவாரம் நான் முத்திரை போட்டு அனுப்பணும். முத்திரை வரலைன்னா காது தானா மூடிக்கும். கம்பெனிக்காரன் நடுவுல பூந்துறக் கூடாதுன்னு நாங்க வெச்ச பூட்டு அது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரெண்டு காது முத்திரையை எடுத்துக்குது."

"யாரது?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"தெரியாது."

"ஆம்பளையா பொம்பளையாவாச்சும்?"

"எத்தன பேருன்னு மட்டுந்தான் மரகதம் சொல்லும். யாருன்னு கேக்காது. அப்படித்தான் எழுதியிருக்குது."

பர்வீன் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "சரி, நீங்க நொய்யலுக்கு மாறிட்டு, அவங்களுக்கு மட்டும் முத்திரையை அனுப்புங்க. யாரு வேண்டாம்னா?"

"என் காதுல ஒரு நாள் ஓடாத எதையும் நான் அடுத்தவங்க காதுக்கு அனுப்புனதில்ல. இனியும் அனுப்ப மாட்டேன்."

"அப்ப பேரு ஊரு தெரியாத ஒருத்தருக்காக நீங்க செவிடாகப் போறீங்க."

"நம்பி இருக்கறவங்கள நடுத்தெருவுல உட்டுட்டுப் போற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. பழைய வில்லை எங்கயாச்சும் கெடைக்குமான்னு பாரு."

"கெடச்சாலும் என்ன? அடுத்தவங்க பழக்குன காது உங்களுக்குத் தகரக் கூரை மேல மழ பேஞ்ச மாதிரித்தான் கேக்கும். அழிச்சுட்டு மொதல்ல இருந்து பழக்கணும்னா, வாரக்கணக்கா எதுத்தாப்புல உக்காந்து படிக்க உங்களுக்கு யாரு இருக்கா?"

பர்வீன் சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிவரஞ்சனி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவங்களுக்கு ஒரு செய்தி போடுங்கக்கா" என்று வாசல்வரை வந்தாள் பர்வீன். "விசயத்தச் சொல்லுங்க. மாறறதா வேண்டாமான்னு அவங்களும் முடிவு பண்ணட்டும்."

"கூப்பிடாம ஒருத்தர் காதுல போய்ப் பேசறது தப்பு."

"காதுல பேச வேண்டாம். ராத்திரி காதைக் கழட்டிச் சார்ஜுக்குத் தாங்கியில வெப்பாங்கல்ல, அதுல எழுத்து ஓடுமே. அதுல போடுங்க. கதவைத் தட்டற மாதிரிதான்."

சிங்காநல்லூரில் அவள் வீட்டுக்குள் ஒரு நாற்காலிதான் உட்காரும் நாற்காலி. மற்ற மூன்றின் மேலும் துணியோ புத்தகமோ இருந்தது. அழைப்புமணி அடித்தால் அது தப்பான வீட்டுக்கு வந்த பொட்டலமாகத்தான் இருக்கும். இந்த வீட்டில் அவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு துணை உண்டு. முத்திரையை அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தபடி இருப்பாள். முதலில் ஒன்று என்று வரும். அது அவள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து இரண்டு என்று மாறும். அது மாறும்வரை அவள் சாப்பிட உட்காருவதில்லை.

அந்த இரண்டாவது ஆளுக்கு அவள் மனத்தில் ஒரு உருவம்கூடக் கொடுத்திருந்தாள். எங்கோ மலையோரத்தில், தன்னைப் போலவே பிடிவாதம் பிடித்த ஒரு மனுஷி. ஊரே போன பக்கம் போகாதவள். தம்பி செத்த செய்தி வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். உறவுக்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டு, "வர்றியாம்மா?" என்று கேட்டபோது அவள் இல்லை என்று தலையசைத்தாள். கொல்லைப்பக்கம் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்து அந்த வாரத்து முத்திரையை அனுப்பினாள். யாருமே இல்லை என்று தோன்றிய அந்த நேரத்தில், வழக்கம் போல எண் இரண்டாக மாறிற்று. தெரியாத அந்த ஆளை அவள் கையெடுத்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள். மூன்றாவது வாரம் தெருவில் காய்கறி வண்டிக்காரர் அவள் முகத்துக்கு நேரே வாயசைத்தபோது, அவர் கத்திக்கொண்டிருக்கிறார் என்பது அவருடைய கழுத்து நரம்பைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை முத்திரையோடு ஒரு செய்தியையும் சேர்த்தாள்.

"மரகதம் காது வைத்திருப்பவருக்கு வணக்கம். நான் சிவரஞ்சனி. என்னுடைய வில்லை தேய்ந்துவிட்டது. நான் நொய்யலுக்கு மாறினால் உங்கள் காது நின்றுபோகும். உங்களைக் கேட்காமல் மாறமாட்டேன். உங்கள் விருப்பத்தை ஒரு வார்த்தை எழுதுங்கள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை."

எண் இரண்டாக மாறியது. பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிறு மத்தியானம் வந்தது.

"காது எங்க ஊட்லதான் இருக்குதுங்க. எழுதிச் சொல்ற விசயம் இல்ல. நேர்ல வாங்க." கீழே ஒரு முகவரி இருந்தது. வடவள்ளி முகவரி.

சிவரஞ்சனி அதை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சியவளே அவள்தான். நவநீதனின் வீடு.

முதலில் கோபம்தான் வந்தது. செத்தவனின் பெண்டாட்டி தன்னை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்தாள். எழவுக்கு வராதவளைச் செவிடாகும் நேரத்தில் வாசலுக்கு வரவழைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாள். போகக்கூடாது என்று முடிவு செய்து சோறு வடித்தாள். சாப்பிடவில்லை. பிறகு நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஓட்டுநர் இல்லாத அந்த நீளப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி காலியாக இருந்தது. நிறுத்தங்களின் பெயரை அது சொன்னதா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்கினாள்.

கதவைத் திறந்தது மோனிஷா. நவநீதனின் மனைவி. தலை முழுக்க நரைத்து, உடம்பு பாதியாகி இருந்தாள்.

"வாங்க அண்ணி" என்றாள் மோனிஷா. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

"தண்ணி குடிக்க வரல" என்றாள் சிவரஞ்சனி.

"தெரியுமுங்க. எழவுக்கே வரல, தண்ணி குடிக்கவா வருவீங்க?"

சிவரஞ்சனி அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். "கொஞ்சம் சத்தமாப் பேசு. எனக்குப் பாதிதான் கேக்குது. அது யாரு காது?"

"அவரோடதுதான்."

"பொய் சொல்லாத. அவன் நொய்யல் செஞ்சவன்."

"செஞ்சாருங்க. வெளிய மட்டுந்தான் போட்டுக்குவாரு." மோனிஷா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தினாள். "ஊருக்கெல்லாம் மாட்டி உட்டாரு. மேடை மேடையாப் பேசுனாரு. ஊட்டுக்கு வந்தாப் பழைய காதுதான். வெளிய தெரிஞ்சா நாறிப் போயிரும்னு நானே சண்ட போட்டிருக்கறேன். கடைக்காரன் தன்ற கடைப் பலகாரத்தத் திங்காத கதையாட்ட இருக்குதுன்னு சொல்லுவேன். சிரிப்பாரு."

"அவன் செத்து மூணு வருசம் ஆச்சு. போன வெள்ளிக்கிழமைகூட ரெண்டு காது எடுத்துச்சே?"

"காது தாங்கியில இருக்குதுங்க. சார்ஜ் ஏறிட்டே இருக்குது. அது பாட்டுக்கு எடுத்துக்கும்."

சிவரஞ்சனி கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். மலையோரத்து மனுஷி இல்லை. பிடிவாதக்காரி இல்லை. மூன்று வருடமாக அவள் தன் காதில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, சரிபார்த்து, முத்திரை போட்டு அனுப்பியதெல்லாம் யாரும் அணியாத ஒரு வில்லைக்கு. அந்த வீட்டில் அவள் பக்கம் இருந்தது வெறும் ஒரு சார்ஜர்.

"ஏன் அத அணைக்கல?" என்றாள்.

"வாங்க, காட்டறேன்."

உள் அறையில் மாலை போட்ட படம் இருந்தது. அதன் கீழே ஒரு பலகையில், விளக்குக்குப் பக்கத்தில், தாங்கி. அதில் அவனுடைய வில்லை. படுக்கும்போது காதைக் கழற்றி வைத்துவிட்டால் ஒன்றும் கேட்காதவர்களுக்காக, அறையில் பழகிய குரல் ஏதாவது பேசினால் அது யார் என்று தாங்கி எழுதிக் காட்டும். யாருக்கு என்ன பெயர் என்பதை அவரவரே வைத்துக்கொள்வார்கள்.

"பாருங்க" என்றாள் மோனிஷா.

தாங்கியின் சிறு திரையில் எழுத்து வந்தது. மோனி.

"இதுக்குத்தானுங்க. புள்ளைங்க வெளிநாட்டுல. பேசறதுக்கு ஆளில்ல. சாயங்காலம் விளக்கு வெச்சுட்டு இங்க உக்காந்து எதையாச்சும் பேசுவேன். ரேசன்ல அரிசி நல்லால்ல, முட்டி வலிக்குது, அப்படி ஏதாச்சும். மோனி, மோனின்னு எழுதிட்டே இருக்கும். அவரத் தவுர வேற யாரும் என்னை அப்படிக் கூப்புட்டதில்ல." அவள் விளக்குத் திரியைச் சரிசெய்தாள். "வெள்ளிக்கெழம பச்ச லைட்டு எரியும். உங்கக்கா இன்னும் உசுரோடதான் இருக்குதுன்னு படத்துகிட்டச் சொல்லுவேன்."

சிவரஞ்சனி இந்த அறைக்குள் வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் மாறிட்டா இது நின்னு போகும். தெரியுமல்ல?" என்றாள்.

தாங்கி கொஞ்சம் தயங்கியது. பிறகு எழுதியது. அக்கா.

இரண்டு பெண்களும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுத்து மெல்ல மங்கி மறைந்தது.

"அவன் ஏன் மாறல?" என்று கேட்டாள் சிவரஞ்சனி. மறுபடி எழுத்து வந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க கூப்புடுவீங்கன்னு. ஒருக்கா நொய்யலை மாட்டிக்கிட்டு உங்க பழைய பேச்சு ஏதோ ஒண்ணப் போட்டுக் கேட்டாரு. 'எல்லாங் கேக்குது மோனி, அக்கா மட்டும் நியூஸ் வாசிக்கற பொண்ணாட்டப் பேசுது'ன்னு கழட்டி வெச்சுட்டாரு. 'அக்கா என்னிக்காச்சும் கூப்புடும். அன்னிக்கு அது அக்காளாட்டக் கேக்கோணும்'னாரு. போன் வந்தா மொதல்ல காதைத் தொட்டுப் பாத்துக்குவாரு."

ஒருவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று சிங்காநல்லூரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒருவர் கூப்பிடட்டும் என்று வடவள்ளியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு பேருந்துப் பயணம்தான். சிவரஞ்சனி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் அதை அப்படி வைத்திருப்பதற்குப் பாடுபட வேண்டியிருந்தது.

"நீங்க மாறிக்கங்க அண்ணி" என்றாள் மோனிஷா. "செத்தவர் காதுக்காக இருக்கறவங்க செவிடாகறதா? எனக்குப் பழகிரும்."

பழகிவிடும் என்று சொன்னபோதும் தாங்கி அவள் பெயரை எழுதியது. சிவரஞ்சனி அதைப் பார்த்தாள். இனி அவள் யாருக்கும் கட்டுப்பட்டவள் அல்ல. தாராளமாக மாறலாம். குருவி கேட்கும். பேனா மூடி கேட்கும். ஊரில் எல்லோரையும் போலக் கேட்கும். இத்தனை நாள் தன்னைக் கட்டி வைத்திருந்த கயிறு அறுந்துவிட்டது என்று தெரிந்த நேரத்தில், அந்தக் கயிற்றைத் தவிரத் தன்னிடம் வேறு எதுவும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

மோனிஷா திடீரென்று தாங்கியிலிருந்து வில்லையை எடுத்தாள். "இது தேயலீல்ல? அவரு ஊட்ல மட்டுந்தானே போடுவாரு. நீங்க இத மாட்டிக்கங்க."

"அதுல அவன் பழக்கம் இருக்குது. எனக்கு வெறும் இரைச்சல்தான் வரும்."

"அந்தப் பழக்கத்த எடுத்துத் தனியா வெக்க முடியாதுங்களா?"

"முடியாது. காதுல பழகுனது காதை உட்டு வெளிய வராது. நான் எழுதுன விதி." அவள் சற்று நிறுத்தினாள். "அழிச்சுட்டுத்தான் புதுசாப் பழக்கலாம்."

"அழிக்க வேண்டாமுங்க. அப்படியே மாட்டுங்க. உங்க ரெண்டு பேருக்கும் உங்கம்மாதானே உக்காந்து படிச்சது? ஒரே வாய் பழக்குன காது. வேத்து ஆளு காதா என்ன?"

பர்வீன் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். சிவரஞ்சனிக்கும் அது நடக்கிற காரியம் என்று தோன்றவில்லை. இந்த வீட்டிலிருந்து ஒரு துரும்பும் வாங்குவதில்லை என்றிருந்தவள் அவள். ஆனால் மோனிஷாவின் உள்ளங்கையில் இருந்த பொருள் இந்த வீட்டினுடையது அல்ல என்று மனம் வாதாடியது. அது மரகதத்தின் காது. அம்மாவின் பெயர் உள்ள காது. அந்த வாதத்தில் ஓட்டை இருந்தது அவளுக்கே தெரியும். கையை நீட்டினாள்.

தன்னுடைய வில்லையைக் கழற்றினாள். உலகம் நின்றது. அவனுடையதை ஒட்டினாள்.

மழை பெய்தது. தகரத்தின் மேல் கல் மழை. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிய்த்தெடுக்கப் போனாள். மோனிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினாள். நிறுத்தாமல் பேசினாள். அரிசியைப் பற்றியோ முட்டியைப் பற்றியோ. சிவரஞ்சனி அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், முன்பு ஒரு காலத்தில் அம்மாவின் உதடுகளைப் பார்த்தது போல. நெடுநேரம் ஆயிற்று. மழை விடவில்லை. ஆனால் அதற்கு அடியில் ஏதோ அசைந்தது. பிறகு ஒரு சொல் தெரிந்தது. பிறகு இன்னொன்று. இளமையான, கொஞ்சம் கேலி கலந்த குரல். சற்று முன்பு தன் காதில் கேட்ட மோனிஷாவின் கிழட்டுக் குரல் அல்ல இது. அவன் இவளை இப்படித்தான் கேட்டிருக்கிறான்.

"கேக்குது" என்றாள் சிவரஞ்சனி.

சொன்னவள் முகம் சுளித்தாள். மோனிஷாவின் குரல் பக்கத்தில் இருந்தது. விளக்குத் திரி பொரிவதுகூட மழைக்கு நடுவே கேட்டது. ஆனால் அவளுடைய சொந்தக் குரல் எங்கோ தள்ளி, வாசல் பக்கமிருந்து வருவதுபோல இருந்தது.

"இதுலயும் சுருள் போயிருச்சாட்ட இருக்குது. என் குரல் மட்டும் விழ மாட்டேங்குது."

மோனிஷா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு. அடக்க முடியாமல் வெளியே வந்தது.

"சுருள் இல்லீங்க அண்ணி. அவருதான் கொறச்சு வெச்சாரு. உங்க குரலை மட்டும். 'அக்கா திட்டறது கொஞ்சம் தள்ளி இருந்து கேட்டாப் போதும்'னு."

"எப்ப?"

"கல்யாணமான புதுசுல. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வேல செய்யறப்ப. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்னைச் சத்தியம் பண்ண வெச்சாரு."

சிவரஞ்சனிக்குச் சட்டென்று எதுவும் பிடிபடவில்லை. அப்புறம் மெல்லப் பிடிபட்டது. "அப்படின்னா... அன்னிக்குக் கூட்டத்துல நான் கத்துனது?"

மோனிஷாவின் சிரிப்பு நின்றது.

"மெதுவாத்தான் கேட்டுதாம். ஊட்டுக்கு வந்து, 'அக்கா கொஞ்சம் சலிச்சுக்கிச்சு, நாலு நாள்ல கூப்புடும்'னுட்டுச் சாப்பிட உக்காந்தாரு. நான் அங்கதானே இருந்தேன்? நெம்பக் கோவமாப் போனாங்க, நேர்ல போய்ப் பேசிட்டு வாங்கன்னு எத்தனையோ சொன்னேன். 'உனக்கு அக்காளத் தெரியாது, அது குரல்ல கோவமே இல்ல'ன்னாரு."

தாங்கி காலியாக இருந்தது. அதில் எந்தப் பெயரும் வரவில்லை. விளக்கு அசையாமல் எரிந்தது.

"உங்க குரலை ஏத்தி வெக்கட்டுங்களா?" என்று மோனிஷா கேட்டாள். "எப்படின்னு எனக்குத் தெரியும்."

சிவரஞ்சனி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தன்னுடைய தேய்ந்த வில்லையைக் கைப்பைக்குள் போட்டாள்.

"நான் மாறப்போறதில்ல" என்றாள். "இனி முத்திரை ஒரே காதுக்குத்தான். பச்ச லைட்டு வராது. பதிலுக்கு நானே வாரேன். நீ பேசு. இது பழகற வரைக்கும் எனக்கு எதுத்தாப்புல உக்காந்து படிக்க ஆள் வேணும்."

"படிக்கத்தானுங்க வேணும்? படிச்சாப் போச்சு. ஆனா நான் தப்பாப் படிச்சாத் திட்டக்கூடாது."

"திட்டுவேன்."

மோனிஷா காபி வைக்க உள்ளே போனாள். சிவரஞ்சனி படத்துக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருந்தாள். காதுக்குள் மழை தூறிக்கொண்டே இருந்தது. சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, மோனிஷா வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, தன்னால் ஆன மட்டும் கடுமையாக "நவநீ" என்று கூப்பிட்டாள்.

பக்கத்து அறையிலிருந்து யாரோ பிரியமாகக் கூப்பிடுவதுபோலக் கேட்டது.